ரவை கோதுமைக் கணக்கில் வராது

1

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு மௌரீன் அம்மாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஒரு வாரத்துக்கு முன்பே கைபேசியில் செய்தி வந்துவிட்டது: வருகிறவர்களில் யாருக்கு எது ஆகாது என்று தெரிவிக்கவும். மனுப் போடுவதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிடுகிற ஊர் இது. நான் பதில் எழுதினேன். படித்துப் பார்த்த என் மனைவி எஸ்தர், சோறு போடக் கூப்பிட்டவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிற ஆள் நீங்கள் ஒருவர்தான் என்றாள். மௌரீன் அம்மாளிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

போனோம். ஒவ்வொரு பாத்திரத்திலும் பல்குத்தும் குச்சியில் ஒட்டிய காகிதக் கொடி, கொடியில் எண். அயர்லாந்தில் ஓட்டல்காரர்கள் எந்தப் பண்டத்தில் எந்த ஆகாத பொருள் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். நான் பார்த்த கடைகளில் கோதுமை வகையறாவுக்கு ஒன்றாம் எண். ஆகவே இந்த நாட்டில் நான் ஒன்றாம் நம்பர் ஆசாமி. மௌரீன் அம்மாள் ஓட்டல் நடத்தவில்லை. ஆனாலும் எனக்காகச் சட்டத்தைத் தன் சமையலறைக்குள் அமல்படுத்தியிருந்தார்.

எனக்குத் திருப்தி இல்லை. குழம்பில் ருசிக்காகக் கரைத்த சூப்புக் கட்டியின் அட்டைப் பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். எஸ்தர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மௌரீன் அம்மாள் எழுந்து போய், பெட்டி, புட்டி, டப்பா எல்லாவற்றையும் சாட்சிப் பொருள்போலக் கொண்டுவந்து என் முன்னால் வரிசையாக வைத்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எதிரில் இருந்த இளைஞர் பால் சாப்பிடாதவர். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் மாமிசம், முட்டை, தேன் எதுவும் தொடாதவர். ஆளுக்கு ஒரு கொடியைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, இதில் ஏதோ சரியில்லை என்று எஸ்தரிடம் சொன்னேன். "சாப்பாட்டுலயா?" என்றாள். சாப்பாட்டில் குறை இல்லை. அந்தப் பெட்டியைக் கேட்டபோது அந்த அம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நான் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவர் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால்தான் வரவில்லையோ என்பது என் சந்தேகம்.

ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன்னால் நம் ஊரில், ஒரு கரண்டி கேசரியில் என் மகனுடைய கல்யாணம் மாட்டிக்கொண்டது. ஊரில் இருக்கிற உங்களுக்கு அது இன்னும் சரியாகப் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

2

என்னைச் சித்தூர்க்காரர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கலெக்டர் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று என் கையைத் தாண்டிப் போன காகிதங்களை அடுக்கினால் ஒரு கோடவுன் நிரம்பும். அந்த அனுபவத்தில் நான் கற்றது ஒன்றுதான்: காகிதம் எதையும் நிரூபிப்பதில்லை. யாரோ ஒருவர் எங்கேயோ கையெழுத்துப் போட்டார் என்பதைத் தவிர.

மகன் பிரேம் கம்ப்யூட்டர் படித்து, ஹைதராபாத் போய், அங்கிருந்து இந்தக் கோர்க் நகரத்துக்கு வந்து சேர்ந்தான். பிறகு எங்களையும் வரவழைத்தான். வந்த இரண்டாம் குளிர்காலத்தில் எனக்கு எடை குறைய ஆரம்பித்தது. இரத்தம் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சீலியாக் என்றார்கள். கோதுமை, பார்லி வகையறா எந்த வடிவத்தில் உள்ளே போனாலும் என் குடலே தன்னை அரித்துக்கொள்ளுமாம். மருந்து கிடையாது. சாகும்வரை ஒரு துளியும் கூடாது.

நம் ஊரில் இதை விளக்குவதைவிடப் பட்டா மாறுதல் வாங்கிவிடலாம். நம்மிடையே கோதுமை என்பது தானியமல்ல, மருந்து. சர்க்கரை வந்தால் சப்பாத்தி, கொழுப்பு வந்தால் சப்பாத்தி, ஆபரேஷன் முடிந்தால் கோதுமைக் கஞ்சி. கோதுமை ஆகாது என்கிறவனை, தண்ணீர் சுடுகிறது என்கிறவனைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள்.

அதனால் புறப்படுவதற்கு முன்பு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினேன். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் மொழிபெயர்த்தேன். திருப்பதியில் இறங்கியதும் நோட்டரி கையெழுத்து வாங்கி பிளாஸ்டிக் உறையிட்டேன். காகிதத்தைப் பற்றி மேலே சொன்ன அதே ஆள்தான் இதையும் செய்தேன். பழக்கம்.

3

திருப்பதியில் எஸ்தருடைய தம்பி வீட்டில் தங்கினோம். மச்சான் வங்கியில் இருக்கிறார். அடுக்குமாடி வீடு, பால்கனியில் நின்றால் மலை தெரியும். மச்சான் மனைவி கெட்டிக்காரப் பெண். கோதுமை மாவு டப்பாவையே அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டதாகச் சொன்னாள். இட்லி, சோறு, சாம்பார், ரசம். அரிசியும் பருப்பும் மட்டுமே உள்ள நம் சாப்பாட்டில் கோதுமை எங்கிருந்து வரும் என்று நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அயர்லாந்தில் ரொட்டித் துண்டு இருக்கும் திசையைக் கூடப் பார்க்காதவன், சொந்த ஊர்ச் சாம்பாரைச் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் ஊசி குத்திப் பாட்டிலை மாட்டினார்கள். அங்கே இருந்த டாக்டர் என் பிளாஸ்டிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணி மாறினதால வந்தது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனேன். ஒவ்வொரு டப்பாவாக இறக்கினேன். குற்றவாளி பெருங்காயத் தூள். பெட்டியின் பின்பக்கம், எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருந்தது. முதல் பெயர் கோதுமை மாவு. பெருங்காயம் கடைசியில். ஐம்பது வருஷமாகச் சாம்பாரின் வாசனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி மாவு. மச்சான் மனைவி பெட்டியை வாங்கிப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கோவிலில் கொடுத்த விபூதி சிமெண்டாக இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முகம்.

அன்றிலிருந்து எனக்குக் கரண்டி மீதுகூட நம்பிக்கை போய்விட்டது. சாம்பாரில் போன கரண்டி சோற்றுக்கும் போகும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். கோர்க்கிலிருந்து கொண்டுவந்த அரிசி அவல் பிஸ்கோத்துகளை, தக்கை மாதிரி இருக்கும் அவற்றை, எண்ணி எண்ணிச் சாப்பிட்டேன். அந்த நிலையில்தான் பெண் பார்க்கப் போனோம்.

4

பிரேமைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தூரில் என்னை நைனா என்று கூப்பிட்டவன், கோர்க்கில் எங்கள் முன்னால் ஒரு கூட்டாளியிடம் பேசும்போது "டாட்" என்றான். பிறகு யாரும் இல்லாதபோதும் அதுவே நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ஆராதனைக்கு முதலில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு எங்களைக் காரில் இறக்கிவிட்டு ஓட்டப் பயிற்சிக்குப் போனான். எஸ்தர் அனுப்பச் சொன்ன பெண் படங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முப்பத்தைந்து வயதாகிறது. அவன் இப்படியே இந்த ஊரோடு கரைந்துவிடுவான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, விஜயபுரத்துப் பக்கம் ஆரோன் மாமா மகள் கிருபாவை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். சித்தூரில் ஒரு கல்யாணத்தில் பார்த்ததாம். இரண்டு வருஷமாகத் தொலைபேசியில் பேசுகிறார்களாம். நாயுடுபேட்டைப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் வேலை. நான் உடனே சந்தேகப்பட்டேன்: இரண்டு வருஷம் எங்களுக்குத் தெரியாமல் எப்படி? எஸ்தர் உடனே பெட்டி கட்டினாள். ஆரோன் அவளுக்குத் தூரத்துத் தம்பி முறை. பெண் எடுக்கிற முறைதான்.

அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் போய்ப் பேசி முடித்துவிட்டு வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு போதகர் ஜெபம் செய்து உறுதி சொல்வார் என்று ஏற்பாடு. விமான நிலையத்தில் பிரேம் என் தோள்பையைக் கொடுத்துவிட்டு, "நைனா, இத மட்டும் கெடுத்துடாதீங்க" என்றான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த நைனா. நான் பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பதுபோல இருந்துவிட்டேன்.

5

வெள்ளிக்கிழமை மாலை புத்தூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். ஆரோன் வீடு கான்கிரீட் வீடு, புதுசு. முன்னறையில் வேர்க்கடலை மூட்டைகள். அவருடைய அப்பா காலம்வரை கூலிதான். பிறகு நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பட்டாவில் கொஞ்சம் நிலம் வந்தது. ஆரோன் கிணறு வெட்டி, போர் போட்டு, அதை நெல்லும் கடலையும் விளைகிற நிலமாக்கினார். தோத்திரம் சொல்லி வரவேற்றார். முறைப்படி என்னை மாமா என்று கூப்பிட வேண்டும். சார் என்றே கூப்பிட்டார். அதை நான் குறித்துக்கொண்டேன்.

சொந்தக்காரர்களாகத் தங்கலாம், அதில் தடையில்லை. ஆனால் இப்போது மாப்பிள்ளை வீட்டாராக வந்திருக்கிறோம். பெண் வீட்டில் கை நனைப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சம்மதம் இருந்தால் சாப்பிடுவார்கள். இல்லாவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்துவிடுவார்கள். வாய் சொல்லாததைத் தட்டு சொல்லிவிடும். யார் சாப்பிட்டாலும் போதாது, பையனுடைய அப்பா சாப்பிட வேண்டும்.

கிருபா தட்டைக் கொண்டுவந்தாள். நெய் மினுங்கும் கேசரி, முந்திரி தூக்கலாக. எல்லார் கண்ணும் என் கரண்டியில்.

எஸ்தர் தொலைபேசியில் எல்லாம் சொல்லியிருந்தாள். பெண்ணின் அம்மா ரூத்துக்கு அதில் பெருமையே இருந்தது. "கோதும ஒண்ணும் சேக்கல அண்ணா. சப்பாத்தி இல்ல, பூரி இல்ல. தைரியமா துன்னுங்க" என்றாள்.

இது ரவையாயிற்றே என்றேன்.

"ரவதான். கோதும இல்ல."

அவள்மேல் தப்பில்லை. நம் கடைகளில் ரவை தனி மூட்டை, கோதுமை தனி மூட்டை, விலையும் வேறு. ரவை உப்புமாவைக் கோதுமைச் சாப்பாடு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான்தான் தப்புச் செய்தேன். ரவை என்பது உடைத்த கோதுமை, சேமியா என்பது பிழிந்த கோதுமை, பெருங்காயத்தில்கூடக் கோதுமை என்று ஆபீசில் புது கிளார்க்குக்கு விதிமுறை சொல்வதுபோல விளக்கினேன். பிளாஸ்டிக் கடிதத்தையும் எடுத்து நீட்டினேன். யாரும் கை நீட்டி வாங்கவில்லை.

எஸ்தர் தன் தட்டை முடித்துவிட்டு என்னுடையதிலும் பாதியைச் சாப்பிட்டாள். அது செல்லாது என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆரோன் எழுந்து கடைக்குப் போய்க் கலர் சோடா பாட்டில் வாங்கி வந்தார். குடித்தேன். வாழைப்பழம் வந்தது. தின்றேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோழி அடித்திருந்தார்கள். குழம்பில் என்ன மசாலா என்று தெரிந்துகொள்ள நான் எழுந்து உள்ளே போனேன். அலமாரியில் இருந்த டப்பாக்களை இறக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது வாசற்படியில் ரூத் நிற்பதைப் பார்த்தேன். கையில் தண்ணீர்ச் சொம்பு. நான் டப்பாவை வைத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

நிலைமையைச் சரிசெய்யலாம் என்று, கேழ்வரகுக் களி இருந்தால் போதும் என்றேன். கேழ்வரகில் எனக்கு ஆபத்தில்லை. எனக்குப் பிடிக்கவும் பிடிக்கும். ரூத் முகம் கறுத்துவிட்டது. "பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் களி கிண்டிப் போட்டாங்கன்னு ஊரு பேசணுமா அண்ணா? நாங்க அத்தத் துன்னுதான் வளந்தோம். இப்பவும் அதுதான்னு நெனச்சிக்கினீங்களா?" என்றாள். நான் இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேழ்வரகை எந்த மில்லில் அரைக்கிறீர்கள், அங்கே கோதுமையும் அரைப்பார்களா என்று கேட்டேன்.

கடைசியில் அவர்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, என் பெட்டியிலிருந்து தக்கைப் பிஸ்கோத்தை எடுத்துக் கடித்தேன். அது நொறுங்குகிற சத்தம் அந்த வீடு முழுக்கக் கேட்டது.

6

இங்கே கோர்க்கில் எங்கள் குளிர்பெட்டியில் மேல்தட்டு என்னுடையது. பிரேம் அதில் என் பெயரை ஒட்டியிருக்கிறான். ரொட்டி சுடும் கருவிகூட எனக்குத் தனி. அவன் தன் சாப்பாட்டைக் கைபேசியில் வரவழைத்துத் தன் அறையில் சாப்பிடுவான். எஸ்தர் சமைத்தது அடுப்பில் இருக்கும். மூன்று பேர், மூன்று சாப்பாடு, ஒரு சண்டை கிடையாது. குடியேற்ற அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, ஒரே குடும்பமாக வாழ்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதையும் அவர்கள் சரிபார்க்கவில்லை.

7

சனிக்கிழமை காலை ஆரோன் என்னை வயலில் இருந்த மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது."

கேளுங்கள் என்றேன்.

"நேத்து கலர் குடிச்சீங்க. மூடி ஒடச்சது. வாழப்பழம் துன்னீங்க. தோலு கீது. இன்னிக்கு எளநி. அதுக்கும் ஓடு கீது. எங்க நைனா காலத்துல இருந்து நான் பாத்துக்கினு கீறேன். எங்க ஊட்டுக்கு வந்தா இந்த மூணத் தவிர எதுவும் தொடாதவங்க யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களும் நல்லாத்தான் பேசுவாங்க. உடம்பு சரியில்ல, டாக்டர் சொல்லிக்கீறாருன்னு."

அந்தப் பட்டியல் எனக்கும் மனப்பாடம். சித்தூரில் நான் வீடு கட்டிக் குடிபோனபோது ஆபீசே திரண்டு வந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எங்கள் ஜனம் மட்டும். மற்றவர்களில் ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவரை டாக்டர் கண்டித்திருக்கிறார். என் மேலதிகாரி கலர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டார். தன் கண் முன்னால் திறக்கச் சொல்லி. அதற்குப் பிறகு சாப்பாட்டு விஷயத்தில் டாக்டர் சொன்னார் என்கிற எவரையும் நான் நம்பியதில்லை.

நாம் ஒரே ஜனம்தானே, நான் ஏன் அப்படிச் செய்வேன் என்று கேட்டேன்.

"அதான் சார் கேக்கிறேன். அவன் பண்ணா எனக்கு அர்த்தம் தெரியும். நீங்க பண்ணா இன்னா அர்த்தம்?"

கடிதத்தைப் பற்றி வாயெடுத்தேன்.

"சர்டிபிகேட்டுதான? நீங்களே எத்தினி பேருக்குக் குட்த்துக்கீறீங்க" என்றார். சிரிக்கவில்லை. பிறகு, பொண்ணு ராத்திரி சாப்பிடவில்லை என்றும், நாளைக்குப் போதகர் முன்னால் நீங்கள் என்ன சொன்னாலும் அதற்கு முன்பு எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றும் சொன்னார். வேண்டாம் என்றால் இப்போதே போய்விடுங்கள், சபை முன்னால் வேண்டாம்.

எஸ்தரிடம் வந்து சொன்னேன். அவள், ஒரு கரண்டி கேசரியைச் சாப்பிட்டால் எத்தனை நாள் படுப்பீர்கள் என்று கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். திருப்பதியில் ஏற்றிய பாட்டிலின் ஊசிக் காயம் கையில் இன்னும் கன்றியிருந்தது. இன்னொரு முறை விழுந்தால் குடல் தாங்காது என்று கோர்க் டாக்டர் சொல்லியிருந்தார். சரி, மதியத்துக்குச் சாப்பிட்டுவிடுகிறேன் என்றேன். எஸ்தர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

8

மதியம் அதற்கு வழி இல்லாமல் போயிற்று. ஊர்ப் பெத்தாயன என்னைச் சாப்பிட வரச் சொன்னதாக ஆரோன் வந்து சொன்னார். பெத்தாயன என்றால் அந்தப் பக்கத்தில் பெரிய மனுஷர். மாந்தோப்பு, கரும்பு, இரண்டு டிராக்டர். என் ஆபீஸ் காலத்தில் அவருடைய நிலப் பாஸ்புத்தகம் என் மேசைக்குப் பலமுறை வந்திருக்கிறது. எந்த சர்வே நம்பரில் எவ்வளவு கூடுதலாக நுழைந்திருக்கிறது என்பது அவருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். திடீரென்று என்மேல் என்ன பிரியம் என்று சந்தேகப்பட்டேன். ஆரோன் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டார்.

அந்த வீட்டுக் கூடத்தில் மேசை போட்டிருந்தது. வெள்ளித் தட்டு. வெளிநாட்டிலிருந்து வந்த சூப்பிரண்டு காரு என்று தெலுங்கு மரியாதையோடு என்னைக் கைப்பிடித்து உட்கார வைத்தார். சர்வீசில் இருந்தபோது நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தால் தாழ்வாரத்தோடு பேச்சு முடிந்திருக்கும். ஆரோனுக்கு நாற்காலி போடவில்லை. அவர் வாசல் தூணில் கையை வைத்து நின்றுகொண்டார். அங்கிருந்து என் தட்டு நன்றாகத் தெரியும்.

பூரி வந்தது. சேமியாப் பாயசம் வந்தது. சாம்பார் வாசனையிலேயே பெருங்காயம் சொன்னது. உள்ளேயிருந்து மருமகள்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மேசையில் நான் உட்கார்ந்து சாப்பிடுவதை என் அப்பா பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. அது போனதும் நான் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். பூரி ஆகாது, பாயசம் ஆகாது என்று தெலுங்கில் சொன்னேன். சாம்பாரில் போட்ட பெருங்காயத்தின் பெட்டியைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

பெட்டி வந்தது. கண்ணாடியைப் போட்டேன், படித்தேன், தலையை ஆட்டினேன். தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தேன். வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

பெத்தாயன முகத்தில் ஏதேதோ ஓடியது. கடைசியில், எங்கள் வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஆகாதோ என்று தெலுங்கில் கேட்டார். அப்படித்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். வாழைப்பழத்தை உரித்துத் தின்றேன். கலர் வேண்டுமா என்றார். கொடுங்கள் என்றேன்.

திரும்பி வரும்போது ஆரோனுடைய தோள்கள் குலுங்கின. வண்டி மேட்டில் ஏறுகிறது என்று நினைத்தேன். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டு இறங்கினார். இடுப்பில் கை வைத்துக் குனிந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"மூடிய ஒடச்சிக் குட்த்தாரு பாத்தீங்களா? பெத்தாயன. அவரு கையால. உங்க முன்னால."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னை அங்கே கூப்பிட வைத்ததே இவர்தானா என்று கேட்டேன். காலையில் போய், சூப்பிரண்டு சார் வந்திருக்கிறார் என்று காதில் போட்டாராம். பிறகு வாசலில் நின்று பார்த்தாராம்.

"எங்க ஊட்ல துன்னாத ஆளு அங்க போய்த் துன்னா தெரிஞ்சிடுமில்ல" என்றார்.

தின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் இறங்காததுமாக ரூத்தைக் கூப்பிட்டுக் கேழ்வரகு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். ரூத் முறைத்தாள். அவர் வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். நான் பெட்டி கேட்டதை, தட்டைத் தள்ளியதை, பெத்தாயன பாட்டில் திறந்ததை. ரூத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிருபா கதவுக்குப் பின்னாலிருந்து, மில்லுக்குப் பச்சரிசியும் எடுத்துக்கினு போ நைனா என்றாள். எதற்கு என்று ஆரோன் கேட்டார். மெஷினில் முதலில் அரிசியை ஓட்டினால் உள்ளே ஒட்டியிருக்கிற கோதுமை வந்துவிடும் என்றாள். ராத்திரி முழுக்க அவள் சாப்பிடாமல் போனில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது தெரிந்தது.

9

பிச்சாட்டூரில் ஒரு மாவு மில். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாளுடைய கோதுமை அரைந்துகொண்டிருந்தது. காற்றெல்லாம் மாவு. நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே நின்றேன். கோர்க் டாக்டர் அந்த இடத்தைப் பார்த்திருந்தால் என்னை உடனே விமானத்தில் ஏற்றியிருப்பார். இப்படி அரைத்ததும் முழுக்கப் பத்திரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெண் வீட்டில் ஒருவர் எனக்காக அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும்போது எந்த விதியைப் படித்துக் காட்டுவது?

மில்காரர் கேழ்வரகை வாங்கக் கை நீட்டினார். ஆரோன் கொடுக்கவில்லை. மெஷினை நிறுத்து, தட்டு, துடை என்றார். மெஷின் வாயைத் தட்டிக் காட்டச் சொன்னார். பிறகு பச்சரிசியைக் கொட்டி ஓட்டச் சொன்னார். வந்த மாவை மில்காரரிடமே கொடுத்துவிட்டார். மாட்டுக்குப் போடு என்று. இன்னொரு தடவை அரிசி. மில்காரர் தெலுங்கில் முணுமுணுத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் கேழ்வரகைக் கொட்டப் போகும்போது ஆரோன் மறுபடியும் கையைத் தடுத்தார்.

"அந்த டின்னு வேணா. இப்பதான அந்த அம்மாவுக்குக் கோதும மாவு புடிச்ச. எங்க குண்டான வெய்யி."

மில்காரருக்குப் பொறுமை போய்விட்டது. இவ்வளவு ஆர்ப்பாட்டம் யாருக்கு என்று தெலுங்கில் கேட்டார்.

"எங்க சம்பந்திக்கு" என்றார் ஆரோன், மாவு விழும் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த டின்னை நான் கவனித்திருக்கவில்லை.